ஐந்தில் ஒரு பங்கு காற்று

மூடியின் நடுப்பக்கம் உள்ளே குழிந்திருக்கிறதா என்று ஜாடி ஜாடியாகத் தடவிப் பார்த்து வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என் வீட்டுக்கார மனுஷன். குழிந்திருந்தால் உள்ளே காற்றுக் குறைந்துவிட்டது, இலை பத்திரம். மேடாக இருந்தால் எங்கோ ஓட்டை. சரி, தடவுவோம். தடவுவதில் என்ன கஷ்டம், உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை. இந்த வீட்டில் எனக்கு வருகிற வேலையெல்லாம் இப்போது உட்கார்ந்த இடத்து வேலைதான், வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, டிவி ரிமோட்டைக் காவல் காப்பது. முதல் ஜாடி குழிந்திருக்கிறது. இரண்டாவதும். விரல் நுனி அந்தப் பள்ளத்தில் இறங்கும்போது ஒரு சுகம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மூக்குக் குழாய் காதுக்குப் பின்னால் அறுக்கிறது. பஞ்சு வைத்துக் கட்டிவிட்டார், அதுவும் நழுவிவிட்டது. பக்கத்து அறையில் ஆக்சிஜன் மெஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, புஸ்ஸென்று ஒன்று, கொஞ்சம் பொறுத்து டக்கென்று ஒன்று. வெளியே சாரல். தென்காசியில் சாரல் விழுந்தால் ஊரே சிரிக்கும், குற்றாலத்துக்கு ஜனம் வண்டி வண்டியாகப் போகும். எங்கள் வீட்டில் மட்டும் ஒருத்தர் வாசலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார், இலை காய மாட்டேன் என்கிறதாம். மூன்றாவது ஜாடி. எல்லாமே ஐந்து லிட்டர் ஜாடிகள், ஊறுகாய்க் கடையில் இருக்குமே அந்த மாதிரி. போன வாரம் இதை மூடிவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "அஞ்சு வருஷம்ளா உலகு. அஞ்சு வருஷம் கழிச்சுத் திறந்தாலும் நேத்துக் காஞ்ச மாதிரி இருக்கும், பாத்துக்கோ." நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஐந்து வருஷத்துக்கு எனக்குத் தூதுவளை சேர்க்கிறார். எனக்கு ஒரு வருஷம்தான் என்று டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று சொன்னவள் நான்தான்.

டாக்டர் என்றால் ஓசூரில் இருக்கிற என் மகள் கோமதியைவிடச் சின்னப் பெண். திருநெல்வேலியில் அந்த ஆஸ்பத்திரி அறையின் குளிரில் இருமல் வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். இவரை மருந்து வாங்க அனுப்பியாயிற்று, கூட்டம் சேர்வதற்குள் போய் வரிசையில் நில்லுங்கள் என்று விரட்டாத குறையாக. "சாரையும் வரச் சொல்லட்டுமாம்மா?" என்று அந்தப் பெண் கேட்டது. அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. வேண்டாம், எங்கிட்டயே சொல்லுங்க, அவரு தாங்க மாட்டாரு என்றேன். படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டியது. நுரையீரல் நார் நாராக இறுகிக்கொண்டே வருகிறதாம், எதனால் என்று தெரியவில்லையாம். பார்த்தால் தேய்த்துக் குளிக்கிற பீர்க்கங்கூடு போலத்தான் இருந்தது. அதற்குள்ளேதான் நான் இத்தனை நாள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "ஒரு வருஷம்னு மனசுல வச்சுக்கோங்கம்மா. அதுக்கு மேலயும் சில பேர் இருந்திருக்காங்க." யார் அந்தச் சில பேர், எந்த ஊர், என்ன சாப்பிட்டார்கள், கேட்டிருக்கலாம். அந்தப் பெண்ணின் கையில் மருதாணி சிவந்திருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் விசேஷமா என்று கேட்டேன். தங்கச்சிக்குக் கல்யாணம் என்றது. கேட்க வேண்டியதை விட்டுவிட்டுக் கல்யாணம் விசாரித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு வருஷம் என்றால் எங்கிருந்து எண்ணுவது? படம் எடுத்த நாளிலிருந்தா, சொன்ன நாளிலிருந்தா, இல்லை கோயில் பிரகாரத்தில் பாதியில் நின்று தூணைப் பிடித்துக்கொண்டேனே அன்றையிலிருந்தா. அன்றையிலிருந்து என்றால் பாதிக்கு மேல் ஓடியிருக்கும். பஸ்ஸில் வரும்போது அதையேதான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன், ஆலங்குளம் தாண்டியும் விடை வரவில்லை. அதற்கு முன்னால், மருந்துப் பையோடு வேர்த்து வந்து நின்று, என்ன சொன்னா என்று கேட்டார். கஷாயம் குடிக்கலாமான்னு கேட்டேன், குடிங்க, கெடுதல் ஒண்ணுமில்லன்னா என்றேன். கேட்டது உண்மை, அந்தப் பெண் சொன்னதும் உண்மை. அவ்வளவு பேச்சில் அந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் ஒரு சாக்குத் தூதுவளையோடு வாசலில் நின்றார்.

அன்றைக்குத் தொடங்கியது. கீரையாகப் பறித்து வந்து முள் ஆய்ந்து, கழுவி, துணியில் ஒற்றி, நடுக்கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பரப்பிவிட்டார், நாங்கள் இரண்டு பேரும் சுவரோரமாக நடக்க வேண்டியதாயிற்று. சாரல் காற்றில் இலை காயவே இல்லை, வெற்றிலை மாதிரி மடங்கிக்கொண்டு கிடந்தது. பழைய பிரிட்ஜ் ஒன்றைக் காயலான் கடையிலிருந்து தூக்கி வந்து, உள்ளே குண்டு பல்பும் சின்ன விசிறியும் மாட்டி, கதவில் துளை போட்டு இலை காயவைக்கிற பெட்டி ஒன்று செய்துவிட்டார். இலையைக் கையில் எடுத்து நொறுக்கினால் சத்தம் கேட்க வேண்டும், மடங்கினால் திரும்ப உள்ளே. ஈரத்தோடு அடைத்துக் காற்றையும் எடுத்துவிட்டால் அது காற்றோடு இருப்பதைவிட மோசம், காற்றே இல்லாத இடத்தில் வளர்கிற விஷக் கிருமி இருக்கிறதாம், வாசனைகூடக் காட்டாதாம். யூடியூபில் பார்த்ததை எனக்குப் பாடம் நடத்துவார். இவரை, கலர் கம்பெனி குத்தாலிங்கம் என்றால், இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. கலர் என்றால் எங்கள் ஊரில் பாட்டிலில் வருகிற ஆரஞ்சும் பன்னீர் சோடாவும். முப்பது வருஷத்துக்கு மேல் பாட்டிலுக்குள் கேஸ் ஏற்றினவர், இப்போது உட்கார்ந்து பாட்டிலுக்குள் இருந்து காற்றை எடுக்கிறார். "ஏத்துனவனுக்கு எறக்கத் தெரியாதாளா?" என்று அவருக்கு அதில் ஒரு கெத்து. சைக்கிள் பம்பைப் பிரித்து உள்ளே இருக்கிற தோல் வாசரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். ஊதுகிற பம்பு உறிஞ்சுகிற பம்பு ஆகிவிட்டது. மூடியில் ஊசித் துளை, துளைக்கு மேல் ஒரு துண்டு கறுப்பு டேப், பம்பு இழுக்கும்போது டேப் எழும்பி வழிவிடும், நிறுத்தினால் தானே ஒட்டிக்கொள்ளும். பம்பு எடுக்க முடியாததை எடுப்பதற்குத்தான் கோமதி பார்சலில் அனுப்பி வைத்த பொட்டலங்கள். சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலம், உள்ளே இரும்புத் தூள். இரும்பு துருப்பிடிக்கத் துருப்பிடிக்க ஜாடியில் இருக்கும் ஆக்சிஜனையெல்லாம் தின்றுவிடும். பிரித்த கொஞ்ச நேரத்தில் பொட்டலம் வெதுவெதுவென்று சூடாகும், தொட்டுப் பாரு என்று என் உள்ளங்கையில் வைத்தார். உயிருள்ளது போல இருந்தது. நான் சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன், இங்கே இருக்கிற கொஞ்சத்தையும் இது தின்றுவிடப் போகிறதே என்று. அவர் சிரித்தார், நானும் சிரித்து இருமலில் முடித்தேன்.

காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜனாம். மிச்சம் நாலு பங்கு வேறு வாயு, அது இலையை ஒன்றும் செய்யாது, உள்ளேயே கிடக்கலாம். இலையை வெளுக்க வைப்பது, வாசனையைக் கொண்டுபோவது, பூச்சியை வாழ வைப்பது எல்லாம் அந்த ஒரு பங்கு. என்னை வாழ வைப்பதும் அதே ஒரு பங்கு. பக்கத்து அறையில் மெஷின் இதே காற்றை உறிஞ்சி, நாலு பங்கைத் தள்ளிவிட்டு ஒரு பங்கைச் சலித்தெடுத்து எனக்கு அனுப்புகிறது. இந்த மேஜையில் இவர் அதே ஒரு பங்கைத் தள்ளிவிட்டு நாலு பங்கை வைத்துக்கொள்கிறார். ஒரே வீட்டுக்குள் இரண்டு தொழிற்சாலை, ஒன்றுக்கு வேண்டாதது இன்னொன்றுக்கு வேண்டும். புஸ்ஸென்று ஒன்று. டக்கென்று ஒன்று வர வேண்டும், வரவில்லையே. வந்துவிட்டது. இந்த இடைவெளியில்தான் நான் இருக்கிறேன், அடுத்த டக் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு. சின்ன வயதில் சிற்றாற்றில் முங்கி, யார் அதிக நேரம் மூச்சை அடக்குவது என்று என் அக்காவோடு போட்டி போடுவேன். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் பச்சையாக, நெஞ்சு இடிக்க இடிக்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. எப்போது வேண்டுமானாலும் மேலே வரலாம் என்று தெரிந்துகொண்டு மூச்சை அடக்குவதற்குப் பேர் விளையாட்டு. இப்போது தலைக்கு மேல் தண்ணீர் இல்லை, வெறும் கூரைதான் இருக்கிறது, எங்கே மேலே வருவது. இதையெல்லாம் யோசிக்கக் கூடாது. யோசித்தால் மூச்சு அவசரப்படும். நாலாவது ஜாடியைத் தடவு, உலகம்மா.

எனக்குச் சாவதில் பயம் இல்லை என்று சொன்னால் பொய். பயம் இருக்கிறது, நிறையவே. ஆனால் அதைவிடப் பெரிய பயம் இந்த ஜாடிகள். நான் போன பிறகு இவை இந்த மேஜையில் இருக்கும். கோமதி வந்து என் சேலைகளை எடுத்துக் கொடுத்துவிடுவாள், மெஷினை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், கட்டிலைக்கூட நகர்த்திப் போடுவார்கள். ஜாடியை யார் தொடுவது? அவர் தொட விட மாட்டார். தூக்கி எறியவும் மாட்டார், ஒரு பாட்டில் மூடியைக்கூட எறியாத மனுஷன். எனக்குத் தெரியும் என்ன செய்வார் என்று. காலையில் எழுந்து, பழக்கத்தில் கைப்பிடி இலை எடுத்து, மிளகு தட்டிப் போட்டு, ஒன்றரை டம்ளரை முக்கால் டம்ளராக வற்ற வைத்து, வடிகட்டி, என் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, ஆறுகிறவரை அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். பிறகு அவரே குடிப்பார். கசப்பு முகத்தில் தெரியாமல் குடிப்பார். அடுத்த நாளும். ஐந்து வருஷத்துக்கு. ஒவ்வொரு இலையும் நேற்றுக் காய்ந்த மாதிரியே இருக்கும், அதுதானே இத்தனை பாடும். கெட்டுப் போயிருந்தாலாவது விட்டுவிடுவார். இது கெடாது. இதை நினைக்கும்போதுதான் எனக்கு அழுகை வருகிறது, மற்றதற்கு வருவதில்லை. சோடா மிஷினின் மோட்டார் எரிந்துபோன வருஷம் அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டு சோறு வேண்டாம் என்றவர். மோட்டாருக்கே அப்படி.

ஆகையால் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பார்சல் எடுக்கப் போயிருக்கிறார், மதுரையிலிருந்து இன்னும் இரண்டு பெரிய ஜாடி வருகிறதாம். அவை வந்து, அவற்றையும் நிரப்பி, அதற்கு மேலும் ஆர்டர் கொடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது? இங்க வாங்க, உட்காருங்க, ஒண்ணு சொல்லணும் என்று தொடங்கினால் அவர் முகம் உடனே வெளுத்துவிடும், பிறகு என் வாய் திறக்காது. போனில் சொல்லலாமா, அவர் வெளியே நிற்கும்போது? ரோட்டில் வண்டியோடு நிற்கிற மனுஷனிடம் சொல்கிற விஷயமா. கோமதியைச் சொல்லச் சொல்லலாம். அவளுக்கே இன்னும் தெரியாது. டாக்டரைச் சொல்லச் சொன்னால் இத்தனை நாள் மறைத்தாயா என்று அதற்கு ஒரு தனிச் சண்டை வரும். சண்டை வந்தாலும் பரவாயில்லை, எங்கள் சண்டை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் நீண்டதில்லை. ஒரு வருஷம். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் இந்த இரண்டு வார்த்தையில் வந்து கால் தடுக்கிறது. ஒரு வருஷம் என்பதைச் சொல்லாமல் ஒரு வருஷத்தைச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன், முடியவில்லை.

கதவு தட்டுகிற சத்தம். சத்தத்திலேயே தெரிகிறது, பக்கத்து வீட்டு மும்தாஜ். அவள்தான் தட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடுவாள்.

"அக்கா, உறங்குதியளோன்னு நெனச்சேன். இருக்கியளா?"

"இருக்கேன் இருக்கேன். இப்போதைக்கு இருக்கேன்."

"ச்சீ, என்ன பேச்சு இது." முக்காட்டில் சாரல் துளிகள். உட்காரவில்லை, அவசரத்தில் இருந்தாள். "அக்கா, கொஞ்சம் தூதுவளை கெடைக்குமா? மகளுக்கு நெஞ்சுல சளி கட்டிட்டு, ராவு பூரா உறங்கல. இருமி இருமி வயிறு வலிக்குதுங்கா. மழையில எங்க போயிப் பறிக்க?"

"பச்சை இல்ல, காஞ்சதுதான் இருக்கு."

"அதான் வேணும். எண்ணெயில வறுத்து ரசம் வச்சிருவேன்."

மேஜையில் ஐந்து ஜாடி நிற்கிறது, ஐந்தும் மூடி, ஐந்தும் குழிந்து. வெளியே உதிரி இலை ஒரு பிடிகூட இல்லை. எனக்கு நாளைக்குக் கஷாயத்துக்கு எடுத்து வைத்ததை இன்று காலையிலேயே போட்டுவிட்டார், இருமல் கூடியிருக்கிறது என்று. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு குழந்தை இருமிக்கொண்டிருக்கிறது. இருமல் என்றால் என்ன என்று என்னைக் கேளுங்கள். இரண்டும் யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கை போய் டேப்பைப் பிய்த்துவிட்டது. ஸ்ஸ்ஸ் என்று ஜாடி மூச்சு இழுத்தது. ஆழமாக, நிதானமாக, எனக்கு வராத மூச்சு. மும்தாஜே ஒரு அடி பின்னால் போனாள். "எம்மா, என்னக்கா இது பாம்பு மாதிரி." மூடியைத் திறந்ததும் வாசனை முகத்தில் வந்தது, காட்டமாக, கொஞ்சம் வைக்கோல் போல, இலை பச்சை மாறாமல் இருந்தது. நன்றாகத்தான் காயவைத்திருக்கிறார். இரண்டு பிடி அள்ளித் தாளில் மடித்துக் கொடுத்தேன். "முள்ளு ஆஞ்சதுதான், பயப்படாம போடு. காரம் குறைச்சுப் போடு." "அண்ணன் சத்தம் போட மாட்டாவளா?" "போட்டா போடட்டும், நீ போ, பிள்ளையப் பாரு." அவள் போய்விட்டாள். திறந்த ஜாடியும் நானும் மிஞ்சினோம்.

மூடினால் போதுமா? போதாது, உள்ளே போன காற்று உள்ளேதான் இருக்கும். ஜாடிக்குள் கிடந்த பொட்டலம் எவ்வளவைத் தின்னும், அது ஏற்கனவே தின்று களைத்தது. புதுப் பொட்டலம் ஒரு கட்டு இருக்கிறது, ஆனால் அந்தக் கட்டைப் பிரித்தால் அத்தனையும் சேர்ந்து வீட்டுக் காற்றைத் தின்னத் தொடங்கிவிடும், உடனே எல்லாவற்றையும் போட்டாக வேண்டும். இவர் புது ஜாடிகளுக்கென்று வைத்திருக்கிறார். அப்போது பம்புதான். பம்பு மேஜைக்கு அடியில், தரையில். தரை என்பது எனக்கு இப்போது ரொம்பத் தூரம். குனிந்தால் மார்பு மடங்கும், மடங்கினால் அவ்வளவுதான். காலால் இழுத்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் நிறுத்தி, பிடியை மட்டும் கையால் பிடித்தேன். மூடியை இறுக்கி, டேப்பைப் புதிதாக ஒட்டி ரப்பர்க் குழாயை வைத்து அழுத்திக்கொண்டு ஒரு இழுப்பு. டேப் எழும்பி ஒட்டியது. பரவாயில்லையே. இரண்டாவது. மூன்றாவதில் பிடி கனத்தது. உள்ளே குறையக் குறைய பிடி கனக்கும் என்பார், அப்படியானால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். இன்னும் இரண்டு இழுத்தால் மூடி குழியும். இழுத்தேன். ஜாடிக்குள் இருந்து எவ்வளவு வந்ததோ அதற்கு இரண்டு மடங்கு எனக்குள்ளிருந்து போய்விட்டது. கண்ணுக்கு முன்னால் ஜாடிகள் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றன. உதடு மரத்தது. மெஷின் ஓடுகிறதா? ஓடுகிறது, புஸ். குழாய் மூக்கில் இருக்கிறதா? இருக்கிறது. ஆனாலும் வரவில்லை. கதவைத் திறந்து வைத்தும் யாரும் உள்ளே வராத மாதிரி. கூப்பிடலாம், மும்தாஜின் வாசல் பத்தடி. கூப்பிட மூச்சு வேண்டுமே. இதோ இதுதான் அது என்று நினைத்தேன். இப்படியா, பம்பைப் பிடித்துக்கொண்டா, அவர் வந்து என்னைப் பார்ப்பாரா ஜாடியைப் பார்ப்பாரா, ஐயோ சொல்லவில்லையே, ஒரு வருஷம் என்று நான் பத்திரமாக வைத்திருந்தது இந்த மேஜையிலேயே முடிந்தால் அவர் பம்பைத்தானே குற்றம் சொல்வார், பம்பை அல்ல தன்னை, வாசரைத் திருப்பிப் போட்ட தன் கையை. கூடாது. சூடான பாலை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து ஊதும்மா என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஊதினேன். மெதுவாக. உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாதே, வெளியே விடு, வெளியே விட்டால் தானே வரும். இல்லாத பாலை ஊதினேன். மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றி, தலையைத் தொங்கப் போட்டு, ஊதினேன். மெல்ல ஜாடிகள் தங்கள் இடத்துக்கு வந்தன. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை மாட்டிப் பார்த்தேன், எண்பத்தி நாலு. கொஞ்ச நேரத்தில் எண்பத்தி ஆறு. போன உயிர் படியேறித் திரும்பி வருவதை நம்பரில் பார்ப்பது விசித்திரம்தான். மூடியைத் தடவிப் பார்த்தேன். குழிந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை, அதற்கும் செலவாகும்.

வண்டி நிற்கிற சத்தம். நனைந்து வந்தார், சாக்கில் சுற்றிய இரண்டு ஜாடியையும் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் இடுக்கிக்கொண்டு. வைக்கோல் தரையெல்லாம் உதிர்ந்தது. ஜாடியைக் கீழே வைத்தவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் விரலில் இருந்த கிளிப்பைப் பார்த்தார், பிறகு என் காலடியில் நின்ற பம்பைப் பார்த்தார்.

"என்னளா செஞ்ச?"

"மும்தாஜ் வந்தா. மகளுக்குச் சளியாம். ரெண்டு பிடி குடுத்தேன்."

"அதுக்குப் பெரிய ஜாடியத் திறந்தியா?"

"வேற எதத் திறக்க? இருக்கதெல்லாம் பெரிய ஜாடி."

"நான் வந்து செய்ய மாட்டேனா? பம்ப எதுக்குத் தொட்ட? எண்பத்தெட்டுக்கு இறங்கி இருக்கு, பாரு, ஏறவே மாட்டேங்குது." இறங்கி இல்லை, ஏறித்தான் எண்பத்தெட்டு என்று நான் சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் பஞ்சைச் சரிசெய்தார். அவர் கை ஈரமாக, குளிர்ந்திருந்தது. "ரெண்டு பிடி இலைக்கு ஒரு ஜாடிக் காத்த உள்ள விட்டுட்டியேளா" என்றார், கோபத்தைக் காட்டுவதற்கு அதுதான் அகப்பட்டது.

நான் யோசித்து வைத்திருந்த எதுவும் அல்ல என் வாயில் வந்தது. "அதத்தான் சொல்லுதேன். பெரிய ஜாடி சரிப்படாதுங்க. மும்தாஜுக்குன்னு இல்ல, நமக்கே தினமும் திறந்தாத்தானே கஷாயம். தினமும் காத்து உள்ள போகும், தினமும் நீங்க பம்பு அடிப்பியளா? சின்ன ஜாடியில போடுங்க. மாசத்துக்கு ஒண்ணு. அந்த மாசத்துக்கு உள்ளத மட்டும் திறப்போம், மத்தது மூடுனது மூடுனபடி இருக்கும்."

அவர் முகம் மாறியது. தொழில் பேச்சு வந்தால் அவருக்குக் கவலைகூடக் கொஞ்சம் தள்ளி நிற்கும். "அட. இது ஏன் எனக்குத் தோணல?" துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கணக்குப் போட்டார். "மாசத்துக்கு ஒண்ணு. அப்ப அஞ்சு வருஷத்துக்கு அறுபது ஜாடி. செலவுதான், ஆனா..."

"அறுபது வேண்டாம்."

"பின்ன?"

"பன்னெண்டு போதும்."

சிரித்தார். "பன்னெண்டு ஒரு வருஷத்துக்குல்லா ஆச்சு."

"ஆமா" என்றேன்.

துண்டு தலையிலேயே நின்றது. புஸ்ஸென்று ஒன்று, டக்கென்று ஒன்று. நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், இந்த முறை சுவரைப் பார்க்கக் கூடாது என்று. அவர் கண் என் முகத்தில் எதையோ தேடியது, நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்பதற்கு ஏதாவது அடையாளம் இருக்குமா என்று. என்னிடம் அது இல்லை.

"ஆரு சொன்னா?"

"டாக்டரம்மா."

"எப்ப?"

"நீங்க மருந்து வாங்கப் போயிருந்தப்ப."

தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, புது ஜாடியில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுக்க இல்லாதபோதும் விரல் எடுத்துக்கொண்டே இருந்தது. எனக்கு அவர் தலையில் கை வைக்க வேண்டும் போல இருந்தது, குனிய முடியாது, அதனால் என் பாதத்தை நகர்த்தி அவர் முழங்காலோடு ஒட்டி வைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஜாடியின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். வெளியே சாரல் நின்று வெயில் வந்ததுபோல ஒரு வெளிச்சம் வந்து, திரும்பவும் போனது.

"சின்ன ஜாடி தனித்தனியாத் தர மாட்டான்" என்றார் கடைசியில். "ஒரு பெட்டிக்கு ஆறு."

"சரி."

"ரெண்டு பெட்டின்னா பன்னெண்டு."

"ஆமா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் தாடை, கடைக்காரனிடம் விலை குறைக்க மாட்டேன் என்று நிற்கும்போது இருக்குமே, அப்படி நீட்டிக்கொண்டு இருந்தது.

"நான் மூணு பெட்டி வாங்குதேன்."

பதினெட்டு ஜாடி, ஒரு வருஷத்துக்கு மேல் ஆறு மாசம். டாக்டர் சொன்ன அந்தச் சில பேர் யார் என்று நான் கேட்காமல் வந்துவிட்டேன், அவர் கேட்கிறார்.

"வாங்குங்க" என்றேன். "விரிசல் இல்லாம ஒவ்வொண்ணாத் தட்டிப் பாத்து வாங்குங்க."